வீட்டிலிருந்து திசைகாட்டிக்கு

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்தது. ஆறு ஆசனங்களில் மூன்று அதற்கு. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. ஹம்மில் கோயிலடியிலும், நாம் கோப்பை கழுவும் குசினியிலும் எம்மவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சனம் எப்பிடி ஜே.வி.பிக்குப் போட்டது?" கேள்வி மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பது தீர்ப்பு. சனம் சோரம் போய்விட்டதாம்.

இந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி உயர்நீதிமன்றம் போனது ஜே.வி.பி.தான்; 2006இல் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பும் வந்தது. ஆனால் கமக்காரரும் கடற்றொழிலாளரும் அதை மறந்துதான் வாக்குப் போட்டார்கள் என்று யார் சொன்னது?

செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் அநுரகுமாரவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 27 ஆயிரம் வாக்கு. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல். எட்டு வாரத்துக்குள் திசைகாட்டி 80 ஆயிரத்தைத் தாண்டியது. (அதுவும் செல்லுபடியான வாக்கில் கால்வாசிதான் என்பதை எவரும் சொல்வதில்லை.) எட்டு வாரத்தில் ஒரு சனத்தின் கொள்கை மாறாது. யாரிடம் போய் எதைக் கேட்கலாம் என்ற கணிப்புத்தான் மாறும். நவம்பர் முதலாம் திகதி வசாவிளான் - அச்சுவேலி வீதி 34 வருடங்களுக்குப் பின் திறக்கப்பட்டது. வீதி திறந்தாலும் படையினர் பிடித்த காணி எல்லாம் திரும்பி வரவில்லை என்பது வலிகாமம் வடக்குச் சனத்துக்கு எம்மைவிட நன்றாகத் தெரியும்.

வீடு தளர்ந்ததும் அன்றைக்கல்ல. 2015இல் கூட்டமைப்புக்கு ஏழில் ஐந்து, 2020இல் மூன்று. அந்த 2020இல் மாவட்டத்தில் அதிக விருப்பு வாக்கு எடுத்தவர் சிறிலங்கா சுதந்திரக் கட்சியின் அங்கஜன். 2021இல் இரசாயன உரத் தடை வந்து நாடெங்கும் நெல் விளைச்சல் சரிந்தது. கிளிநொச்சிக் கமக்காரரும் தப்பவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் அதுதான், படகு எஞ்சினுக்கும் அதுதான். சமஷ்டி பற்றிய அறிக்கை எதுவும் அந்த எண்ணெய்க்குப் பதில் சொல்லவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இழுவைமடியைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் சுமந்திரன் கொண்டுவந்த பிரேரணையிலிருந்து பிறந்தது. சட்டம் கொழும்பில் இருந்தது. இந்திய றோலர்கள் வலையை அறுத்துக்கொண்டு போயின. நல்ல சட்டத்துக்கு வழிசெய்த கட்சியிடம் அதை நிறைவேற்றும் அதிகாரம் இல்லை. கடற்றொழிலாளி அதிகாரம் இருக்கிற பக்கம் பார்த்ததில் என்ன வியப்பு?

எமது வீட்டுவாசலிலும் இது நடக்கிறது. ஹம்மின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. தலைமுறைகளாக எஸ்.பி.டி.யின் கோட்டையாக இருந்த கெல்சன்கிர்ஷனில், 2025 பெப்ரவரித் தேர்தலில் இரண்டாம் வாக்கில் ஏ.எப்.டி. முதலாவதாக வந்தது. அந்த வெற்றியால் பயப்பட வேண்டியவர்கள் நாம். ஆனாலும் "சுரங்கம் பூட்டி வேலை போனால் சனம் அப்பிடித்தான்" என்று பொறுமையாக விளக்குகிறார்கள் எம்மவர். நெடுந்தீவுக் கடற்றொழிலாளிக்கு அந்த விளக்கம் கிடையாது. அவன் எமது ஞாபகங்களுக்கு விசுவாசமாக இருக்கவேண்டும். வெளிநாட்டுக் காசு வருகிற வீட்டுக்கு அது சுலபம். ஆளில்லாத வீட்டுக்கு?

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. "சனம் திருந்தியிட்டுது" என்று அதே ஆட்கள் சொன்னார்கள். மண்ணெண்ணெய் என்ன விலை என்று இரண்டு தடவையும் எவரும் கேட்கவில்லை.