மரச்சட்டம் போட்ட மொறிஸ்

மொறிஸ் மைனரைக் கண்டுபிடிக்கக் கண் தேவையில்லை. மானிப்பாய்ப் பக்கமிருந்து வருகிற கார், சண்டிலிப்பாய்ச் சந்தியை நெருங்கி ஓட்டுபவர் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்ததும், பின்னால் ஒரு சத்தம் போடும். வாயில் தண்ணீர் வைத்துக் கொப்புளிக்கிற மாதிரி. கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். சுகமான என்ஜினும் அப்படித்தான் கொப்புளிக்கும்.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம் இந்தக் கார்கள் இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்ததற்குப் பாசம் மட்டும் காரணமில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து கார் இறக்குமதி சுருங்கியது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து யப்பான் கார்கள் வரும்வரைக்கும் இருந்ததையே உருட்டவேண்டி இருந்தது. 2020இல் மறுபடியும் இறக்குமதித் தடை, 2025 வரை. ஒவ்வொரு தடவையும் கிழடுகளுக்கு விலை ஏறியது.

தலைமுறை பிரிக்கப் பழகுவது கஷ்டமில்லை. 1948இல் வந்த முதல் மைனருக்கு ஹெட்லைற் கிறில்லுக்குள் பதுங்கியிருக்கும். 1951 அளவில் அவை மட்காட்டுக்கு மேல் ஏறிவிட்டன. முன் கண்ணாடி நடுவால் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தியது. ஒரே வளைந்த கண்ணாடி என்றால் மைனர் 1000. என்ஜினும் கூடவே மாறிக்கொண்டு வந்தது: முதலில் 918 சீசீ, 1952இலிருந்து 803, 1956இல் 948, 1962இல் 1098. கதவுத் தூணிலிருந்து மஞ்சள் நாக்கு நீட்டுகிற கைகாட்டி 1961வரை இருந்தது. பொனற்றின் நடுவில் தட்டையாக ஒரு பட்டை ஓடுவதைத் தடவிப் பாருங்கள். வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குக் கார் ஒடுக்கமாகப் பட்டிருக்கிறது. மாதிரிக் காரை நெடுக்குவாட்டில் அறுத்து நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். அந்த நாலு அங்குலம்தான் அந்தப் பட்டை.

நம்பர் பலகையும் ஒரு சாட்சி. ஆங்கில எழுத்து என்றால் ஐம்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தியது. சிங்கள ஸ்ரீ என்றால் அதற்குப் பிந்தியது. 1958இல் தமிழரசுக் கட்சி தெருவில் இறங்கித் தார் பூசியது இந்த எழுத்துக்குத்தான். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டியிருக்கும் கார் எனக்குக் கொஞ்சம் முகம் மழித்த கிழவர் போலத்தான் தெரியும்.

சரி, ட்ரவலருக்கு வருவோம். 1953இல் தொடங்கி 1971வரை செய்த ஸ்ரேசன் வாகன் இது. மற்ற மைனர்களைப் பார்ப்பதுபோல் இதைப் பார்க்கக்கூடாது. முன்பாதி இரும்பு, பின்பாதி ஆஷ் மரச்சட்டமும் அலுமினியத் தகடும். அழகுக்கு ஒட்டிய மரமென்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பின்பாதியைத் தாங்கி நிற்பதே அந்தச் சட்டந்தான். அது இற்றுவிட்டால் கார் பின்னுக்கு நெளியும். பின்கதவு இரண்டும் அலுமாரி போலத் திறக்கும். சீற்றை மடித்தால் இரண்டு மூட்டை வெங்காயமும் ஒரு சைக்கிளும் போகும். இதை ஆடம்பரம் என்றால் கொழும்பில் சிரிப்பார்கள். சைக்கிளில் வாழ்ந்த ஊரில் இதுவே ஆடம்பரம்.

மரத்தை மேலிருந்து பார்க்காதீர்கள். வார்னிஷ் எல்லாவற்றையும் மூடிவிடும். எனக்குப் பழக்கமான ஒரு கராஜ்க்காரர், நான் ஒரு காரின் முன்னால் நின்று வாய் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “தம்பி, உதின்ரை பொனற்றைத் திறக்க முன்னம் பின்னாலை குனிஞ்சு பாரும். மழைத்தண்ணி எங்கை நிக்குதோ அங்கைதான் வயசு.” உண்மை. தள்ளு கண்ணாடி ஓடுகிற தவாளிப்பு, கதவின் அடிச்சட்டம், சில்லு வளைவுக்கு மேல் சட்டங்கள் சந்திக்கும் மூலை: இந்த மூன்று இடத்திலும் நகத்தால் அழுத்துங்கள். மரம் கறுத்திருந்தால் ஈரம் குடித்திருக்கிறது. நகம் இறங்கினால் உள்ளே மாவாகிவிட்டது. கண்ணாடித் தவாளிப்பில் பாசி பிடிப்பது இங்கிலாந்திலும் உண்டு. எங்களுக்குக் கார்த்திகை, மார்கழி மழையோடு கறையானும் சேர்கிறது. மண்தரையில், கொட்டிலுக்குள் நீண்டகாலம் நின்ற காரென்றால் சட்டத்தின் அடியில் மண்புற்றுக் கோடு ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காரைநகர்ப் பக்கத்துக் காரென்றால் கடற்காற்று. அங்கே மரத்துக்கு முந்தி இரும்பை, முக்கியமாகக் கதவுப் படிக்குக் கீழ் ஓடும் சட்டத்தை, ஸ்குறூ டிறைவரால் தட்டிப் பாருங்கள்.

நான் இங்கிலாந்துக்காரரிடமிருந்து பிரிகிற இடமும் இதுதான். ஆஷ் மரம் அப்படியே இருக்கிறதா என்பதுதான் அங்கே மதிப்பு. இங்கே ஆஷ் கிடையாது. ஊர்த் தச்சர் தனக்குக் கிடைத்த மரத்தில் ஒரு சட்டம் செதுக்கி மாட்டியிருந்தால், மூட்டு எப்படி என்றுதான் பாருங்கள். பழைய சட்டத்தின் வளைவை அப்படியே எடுத்து, ஆணி அடிக்காமல் கொளுவியிருந்தால் அதற்கு நான் கூடுதலாகக் காசு கொடுப்பேன்.

பொனற்றுக்குள் இன்னொரு தடம் இருக்கக்கூடும். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. காபரேற்றருக்குச் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடேறியதும் குழாயை மாற்றுவார்கள். அந்தக்காலத்துப் பிரித்தானிய என்ஜின்களில் அமுக்கம் குறைவு; மட்டமான எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும். புதுக் கார்கள் இருமிச் செத்த இடத்தில் மொறிஸும் ஒஸ்ரின் ஏ-போட்டியும் புகை கக்கிக்கொண்டு போயின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் வழிந்து என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும்; பேரிங் தேயும். பொனற்றுக்குள், கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டில் காரணமில்லாத இரண்டு ஓட்டை, ஒரு சின்னப் போத்தலைத் தாங்கியிருந்த கம்பி வளையம் கண்ணில் பட்டால் என்ஜினைத் திறந்து செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் அந்த ஓட்டைகளை ஒட்டி மறைக்காதீர்கள். அந்த வருஷங்களில் இந்தக் கார் ஓடியது என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எத்தனையோ கார்கள் வளவிலேயே நின்றுவிட்டன.

சொகுசு வேண்டுமென்றால் ஒஸ்ரின் ஏ60 கேம்பிறிஜின் கன்றிமன் என்ற வாகன் இருக்கிறது. இத்தாலிய பினின்ஃபரினா கீறிய உடம்பு, 1622 சீசீ. அகலமான சீற், கலியாணக் காருக்குரிய மிடுக்கு. கிடைத்தால் விடாதீர்கள். எனக்கென்னவோ அது மாமனார் வீட்டுக் கதிரை. காலை மடக்கி உட்கார முடியாது.

ஓட்டிப் பார்க்கும்போது முதல் கியரை ஓட்டத்தில் போட முயலாதீர்கள், அரைக்கும்; முழுதாக நிறுத்திவிட்டுப் போடவேண்டும். இரண்டாம் கியர் மெல்லப் பாடும், அது பாடட்டும். பிறேக் ஒயில் எங்கே ஊற்றுவது என்று தேடாதீர்கள். மாஸ்ரர் சிலிண்டர் காலடிப் பலகைக்குக் கீழே இருக்கிறது. மிக முக்கியம், முன் சில்லைத் தாங்கும் கீழ்த் திருகுமுனை. கிறீஸ் அடிக்காமல் விட்டால் அது தேய்ந்து கழன்று, சில்லு உள்ளே மடிந்துவிடும், பெரும்பாலும் வளைவில் மெதுவாகத் திரும்பும்போது. கிறீஸ் முனை புழுதியால் அடைபட்டிருந்தால் விலைபேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மிச்சமெல்லாம் சரியென்றால், சங்கானை வரைக்கும் ஒரு நடை போய்த் திரும்பி, கல்வளைப் பிள்ளையார் பக்கத்தில் நிழலாக நிறுத்தி, பின்கதவு இரண்டையும் திறந்துவிட்டுச் சொந்தக்காரரிடம் கேளுங்கள்: “அண்ணை, மரம் ஆர் போட்டது?” பேர் சொல்லத் தெரிந்தவரிடம் விலை பேசலாம்.