சாகாமல் ஓடியவர்கள்

ஜிம் பிரவுனின் ஆகச்சிறந்த ஓட்டம் எது? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் க்ளீவ்லேண்ட் அணிக்காக அவர் ஓடிய ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். என் தேர்வு மைதானத்திலேயே இல்லை. 'தி டர்ட்டி டஸன்' (1967) படத்தின் இறுதிக் கட்டம் அது. ஜெர்மானிய அதிகாரிகள் அடைபட்டிருக்கும் நிலவறைக்கு வரிசையாகக் காற்றுத் துவாரங்கள். பிரவுன் ஓடுகிறார், குனிகிறார், கையெறிகுண்டைப் போடுகிறார். கை நிமிர்வதற்குள் கால் அடுத்த துவாரத்துக்குக் கிளம்பிவிடுகிறது. எல்லாம் முடித்துத் திரும்பி ஓடும்போது சுட்டுத் தள்ளிவிடுகிறார்கள்.

9 பருவங்கள், 118 ஆட்டங்கள், 12,312 கஜம் ஓடிய மனிதர். ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. இந்தப் படத்தின் படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போக, முகாமுக்கு வராவிட்டால் அபராதம் என்று அணி மிரட்டியது. 1966இல், 30 வயதில், 'போதும்' என்று விலகிவிட்டார்.

எதிரணியினர் வீழ்த்தியபின் பிரவுன் எப்போதும் மெதுவாகத்தான் எழுவார். உண்மையில் அடிபட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. 'ஸ்லாட்டர்' (1972) படத்திலும் அதே நிதானம். கதை சுமார்தான், ஆனால் அவர் ஒரு அறைக்குள் நுழைவதைப் பாருங்கள், அவசரமே இருக்காது. முக்கியமாக, இதில் அவர் சாகவில்லை.

'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று பெயர் வாங்கிய 70களின் கறுப்பினப் படங்கள்மீது எனக்குள்ள பித்துக்குக் காரணமே இதுதான். போதை வியாபாரியையும் தரகனையும் நாயகனாக்குகிறார்கள் என்று கறுப்பின அமைப்புகளே எதிர்த்தன. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் பாதிப் படத்தில் பலியாகிற கறுப்பனைக் கடைசி வரை நிற்கவைத்தவை இந்தப் படங்கள்.

ஃப்ரெட் வில்லியம்சனின் கதை தனி ரகம். கன்சாஸ் சிட்டி அணிக்காக முதல் சூப்பர் பௌலில் (1967) இறங்குமுன் 'சுத்தியல்' என்று பெயர் பெற்ற தன் முன்கை அடியைப் பற்றி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். கடைசிக் கால்பகுதியில் மோதி நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட்டார். அணியும் 35–10 என்று தோற்றது. ஐந்து வருடம் கழித்து அதே 'ஹேமர்' என்ற பெயரிலேயே படம்! 'என்னைக் கொல்லக் கூடாது, எல்லாச் சண்டையிலும் நானே ஜெயிக்க வேண்டும்' என்பவை தன் நிபந்தனைகள் என்று பேட்டிகளில் சொல்லிவந்தார். வாய் அதிகம்தான், ஆனால் அந்த வாய்க்காகவே அவரைப் பார்க்கலாம்.

விளையாட்டு வீராங்கனையாக இல்லாமலேயே இவர்களை மிஞ்சியவர் பாம் கிரியர். 'காஃபி' (1973) சண்டையில் தலைமுடியைப் பற்றி இழுப்பவளின் கை கிழிகிறது. சுருள்முடிக்குள் சவர பிளேடுகள். டாரன்டினோ 1997இல் 'ஜாக்கி பிரவுன்' எடுத்தபோது வேறு யாரைத் தேடியிருப்பார்?

நம்மூர் ரசிகர்களுக்குத் தெரிந்த முகம் ஜிம் கெல்லி, 1971 லாங் பீச் கராத்தே சாம்பியன். 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீக்கு இணையாக அலட்டிக்கொண்டு வந்து, பாதியில் கொல்லப்படுவார். அதே இயக்குநர் ராபர்ட் க்ளவுஸ் அடுத்த வருடம் அவரை நாயகனாக்கி 'பிளாக் பெல்ட் ஜோன்ஸ்' எடுத்தார். உச்சக்கட்டச் சண்டை கார் கழுவும் கூடத்தில், மார்பளவு சோப்பு நுரைக்குள். கராத்தே ரசிகனுக்கு இது அநியாயம்: உலகத்தரமான கால்வீச்சு பாதி நுரையில் மறைந்துபோகிறது. நுரை அடங்கும்போது கெல்லி நிற்கிறார், அந்தக் குடைமுடியில் சோப்பு வழிய.