லெஜர் என்னும் பல்லவி

எங்கள் சித்தூரில் ரேஸ் மைதானம் கிடையாது. திருப்பதியில் ரயிலேறிச் சென்னை கிண்டிக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அதற்கும் அரசு பூட்டுப் போட்டது. இருந்தும் எனக்குக் குதிரைப் பந்தயத்தை ரசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியவர்: நைனாப் பிள்ளையின் சீடர், லயத்தில் புலி, கர்நாடக சங்கீதப் பாடகர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. பல்லவியில் அவசரம் ஆகாது. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் தாளத்தின் சரியான இடத்தில் வந்து விழ வேண்டும். செயின்ட் லெஜர் அப்படிப்பட்ட பந்தயம்.

கர்னல் ஆண்டனி செயின்ட் லெஜர் 1776இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் மூன்று வயதுக் குதிரைகளுக்காக இரண்டு மைல் ஓட்டம் ஒன்றை ஏற்பாடு செய்தார். முதலில் வென்றது ராக்கிங்ஹாம் பிரபுவின் பெண் குதிரை அல்லபகூலியா. 1778இல் ஒரு விருந்தில் பெயர் வைக்கும் பேச்சு வந்தபோது, ஜெயித்த பிரபு தம் பெயரை விட்டுவிட்டு நண்பரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெருந்தன்மை இன்றும் பந்தயத்தின் பெயராக நிற்கிறது. புகழ்பெற்ற டெர்பி பந்தயம் பிறந்ததே அதற்குப் பிறகு, 1780இல்தான்.

மூன்று வயதுக்கே உரிய பந்தயம் என்பதால் ஒரு குதிரைக்கு வாய்ப்பு ஒரே முறை. 2000 கினீஸ் பந்தயத்தின் ஒரு மைல் வேகத்தைப் பார்க்கும். டெர்பியின் ஒன்றரை மைல், எப்சம் சரிவில் கால் பிசகாத சமநிலையைப் பார்க்கும். செப்டம்பரில் வரும் லெஜர் இப்போது ஒன்றே முக்கால் மைலும் 115 கஜமும். அங்கே மூச்சுக்குத்தான் சோதனை. மூன்றையும் முதலில் வென்றது 1853இல் வெஸ்ட் ஆஸ்திரேலியன்; கடைசியாக 1970இல் நிஜின்ஸ்கி. 2012இல் முதல் இரண்டையும் வென்று வந்த கேமலாட்டை ஜாக்கி பின்னாலேயே அடக்கி வைத்திருந்தார். அவிழ்த்துவிட்டபோது பாய்ந்துதான் வந்தது. ஆனாலும் என்கேயிடம் முக்கால் குதிரை நீளத்தில் தோற்றது. தாளம் முடிந்த பிறகு இடத்துக்கு வந்த பல்லவி அது.

நம் நாட்டில் இதன் வாரிசு புணேயில் 2800 மீட்டர் ஓடும் இந்தியன் செயின்ட் லெஜர்.

நெடுந்தூரம் வென்ற குதிரைக்கு இனவிருத்திச் சந்தையில் மவுசு குறைவு. அதனால் வளர்ப்பவர்கள் நல்ல குதிரைகளை லெஜருக்கு அனுப்பத் தயங்குகிறார்கள். நஷ்டம் ரசிகனுக்கு.

பார்க்கக் கிடைத்தால் முன்னால் ஓடும் குதிரையை விட்டுவிடுங்கள். நடுக்கூட்டத்தில் லகானை இறுக்கிப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். அந்தக் கை தளரும் கணத்துக்காகத்தான் லெஜர். டெர்பி ஊருக்குத் திருவிழா; கச்சேரி லெஜர்தான்.