யார் இழந்த பணம், யாருக்கு ஈடு?

1925-ல் சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்ற அரசு மூன்று கோடி வெள்ளியை ஒதுக்கி, அபின் வருவாய் மாற்று நிதி என ஒன்றைத் தொடங்கியது. அபின் விற்பனை என்றாவது நின்றே தீரும், அன்று கஜானா தள்ளாடக் கூடாது என்பதே நோக்கம். நல்ல முன்யோசனைதான். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்து வந்தது. 1910 முதல் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு அரசே அபினைக் காய்ச்சி விற்றது. ரிக்‌ஷாக்காரர்களைப் போலவே கஜானாவும் அபினுக்கு அடிமை என்பதை அந்த நிதி ஒப்புக்கொண்டது. ஆனால் ஈடு கஜானாவுக்கு மட்டுமே. உடம்பைப் பறிகொடுத்தவருக்கு அதில் பங்கில்லை. 1933-ல் மருத்துவர் சென் சூ லான் அபின் எதிர்ப்பு மருந்தகம் நடத்தினார். 1946-ல் அபினுக்குத் தடை வந்தது. அடிமைப்பட்டவர்களுக்கென்று செயின்ட் ஜான்ஸ் தீவில் அரசு சிகிச்சை நிலையம் திறக்க 1955 ஆனது.

பொதுப்பணம்தானே மருத்துவமனையும் பள்ளியும் கட்டுகிறது, பாதிக்கப்பட்டவர்களுக்கென்று தனிக்கணக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனி நிதிகள் பெருகினால் ஒன்றில் பணம் தூங்கும், இன்னொன்றில் பற்றாது. ஆனாலும் பொதுவில் கலந்த பணம் உரத்துப் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடும். அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 1998-ல் 46 மாநிலங்களுக்குத் தர ஒப்புக்கொண்ட இருபதாயிரம் கோடி டாலருக்கும் மேலான தொகையில் பெரும்பங்கு, புகைப்பழக்கத்தோடு தொடர்பில்லாத செலவுகளுக்கே போனது. சூடுபட்ட பிறகுதான், ஓபியாய்ட் மாத்திரை வழக்குகளில் எழுந்த 2,600 கோடி டாலர் உடன்பாட்டில் குறைந்தது 85 விழுக்காடு போதைப் பாதிப்பைச் சரிசெய்யவே செலவாக வேண்டும் என்று எழுதிவைத்தார்கள்.

சிங்கப்பூரில் இன்று அபின் இல்லை, சூதாட்டம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு, 1933 வரை ஃபேரர் பார்க்கில் ஓடிய குதிரைகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு 4டி லாட்டரிக் குலுக்கல். வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு விடுப்பு நாளும் அதுதான். அந்தச் சீட்டுகளின் உபரியும், சூதாட்டக்கூடங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்டும் 150 வெள்ளி நுழைவுக் கட்டணமும் டோட் போர்டு என்ற அரசு வாரியத்துக்குப் போகின்றன. அது தாராளமாகவே கொடுக்கிறது. தமிழர்கள் கலா உற்சவம் பார்க்கப் போகும் எஸ்பிளனேட் அரங்கமே பெரும்பாலும் அந்தப் பணத்தில் எழுந்ததுதான். அந்தத் தாராளத்தைக் குறைசொல்ல மனம் வராது, சிக்கலும் அங்கேதான். கலை, விளையாட்டு, அறப்பணி எல்லாம் ஒரே ஊற்றை நம்பியிருந்தால், ஊற்று சுருங்க வேண்டும் என்று யார் கேட்பார்கள்? சூதாட்டத்தை முற்றாகத் தடுத்தால் அது கள்ளச்சந்தைக்குப் போகும் என்ற வாதத்தை ஏற்கிறேன்; ஆலோசனை, விலக்கு ஆணை போன்றவற்றைத் தேசிய சூதாட்டப் பிரச்சினை மன்றம் கவனிக்கிறது என்பதும் உண்மை. இருந்தாலும், இழந்தவர்களின் குடும்பங்களுக்கும் மீட்சிக்கும் இத்தனை விழுக்காடு என்று ஓர் எண் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அது 85 ஆக இருக்க வேண்டியதில்லை. பத்தாக இருந்தாலும் சரி, மீதி எஸ்பிளனேடுக்கே போகட்டும்.