இயல்பும் கெடுதலும்

புக்கிட் பெலண்டோக் போன்ற தோட்டப்புறங்களிலிருந்து தமிழகத்துச் சிற்றூருக்குக் கடிதம் எழுதிய தொழிலாளி, ஒட்டிய அஞ்சல் தலை ஒன்றே. கடிதத்தைச் சுமந்தவையோ இரண்டு அஞ்சல் துறைகள். மலாயாவின் அஞ்சல் சிறியது. இந்தியாவின் அஞ்சல் மிகப் பெரியது. எனினும் சிறியதன் கடிதத்தைப் பெரியது மறுக்கவில்லை. ஊரிலிருந்த தாயும் மகனின் கடிதத்தைப் பெறுவதற்காக மலாயா அஞ்சலுக்கு வாடிக்கையாளர் ஆகவேண்டியதில்லை. 1874ஆம் ஆண்டு பேர்ன் நகரில் நாடுகள் கூடிச் செய்த அஞ்சல் உடன்படிக்கையின் பயன் அது.

இன்று கைப்பேசியில் அந்த உரிமை இல்லை. வாட்ஸ்அப்பில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் இருப்பவரோடுதான் பேசலாம். முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்னும் ஒரே நிறுவனத்தின் உடைமை. இந்நிலைக்கு மாற்றாக எழுந்தவையே மையமில்லாச் சமூக வலைகள். ஜெர்மனியில் 2016இல் தோன்றிய மாஸ்டொடான் அவற்றுள் பெயர் பெற்றது. அதில் சிறு நிலையங்கள் பல தத்தம் செலவில் தனித்தனியே இயங்கும். பொது நெறியொன்றைக் கைக்கொள்வதால் ஒன்றில் எழுதியதை மற்றொன்றிலும் படிக்கலாம்.

மெட்டா 2023 ஜூலையில் த்ரெட்ஸ் என்னும் தளத்தைத் தொடங்கி, ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்துக்கொண்டு, தானும் அப்பொது நெறியில் இணையப்போவதாகக் கூறிற்று. சிறு நிலையம் நடத்துவோர் பலர், அதனை வாயிலிலேயே மறிப்போம் என்று உறுதிமொழியில் ஒப்பமிட்டனர். அவர்தம் அச்சம் வீணன்று. கூகிள் 2006இல் தன் உரையாடல் சேவையைப் பொது நெறிவழியே பிறர்க்குத் திறந்துவிட்டது. பயனர் பெருகிய பின், 2013இல் வேறு சேவைக்கு மாறி அந்நெறியைக் கைவிடத் தொடங்கிற்று. கதவு சாத்தியபோது வெளியே நின்றவர் சிறு நிலையத்தாரே.

ஆனால் இதைக் காட்டி இணைப்பே ஆகாது என்பது, குளத்தோடு கோபித்துக்கொண்டு கால் கழுவாமல் போனவன் செயலாகும். இணைப்பினால் நேர்ந்த இழப்பு எது, இணையாமையால் நேர்ந்தது எது என்று பிரித்தறிதல் வேண்டும்.

தமிழர்தம் பட்டறிவே இதற்குச் சான்று. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், வலைப்பதிவுகளில் வெளிவந்த புதிய இடுகைகளின் தலைப்புகளை ஓரிடத்தில் திரட்டித் தந்தது. தலைப்பைச் சொடுக்கியவர் எழுதியவரின் பக்கத்திற்கே சென்றார். யாழ்ப்பாணத்தாரும் மதுரையாரும் சிரம்பானில் இருப்பவரும் ஒரே முற்றத்தில் கூடலாம். ஆயினும் அவரவர் வீடு அவரவர்க்கு. பின்னர் எழுதுவோரில் பலர் முகநூலுக்குப் பெயர்ந்தனர். அது இணைப்பன்று, குடிபெயர்ச்சி. பத்தாண்டுக்கு முன் எழுதிய கட்டுரையை அங்கே தேடி எடுப்பது எளிதன்று. கூகிள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது, அங்கு எழுதப்பட்ட தனியார் இடுகைகள் அழிக்கப்பட்டன. தமிழில் எழுதியனவும் அவற்றுள் அடங்கும்.

தமிழாசிரியர்க்கு இதைப் புணரியலாலேயே விளக்கலாம். வாழையும் மரமும் சேர்ந்து வாழைமரம் ஆகும்போது ஒன்றும் குறைவதில்லை. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போதோ மகர மெய் கெடுகிறது. கெட்டது நிலைமொழியின் ஈறு என்பது நோக்கத்தக்கது. வருமொழிக்கு ஒரு குறையும் இல்லை. பயனரின் பெயர், தொடர்புப் பட்டியல், எழுத்துச் சேமிப்பு ஆகிய மூன்றும் சிறு நிலையத்திடமே இருக்குமாயின் அது இயல்புப் புணர்ச்சி. பெரியது நாளை கயிற்றை அறுத்தாலும் சிறியது நிற்கும்.

சோகோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2025 செப்டம்பரில் இந்தியாவில் திடீரெனப் பரவியபோது, அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு, செய்திச் செயலிகள் மின்னஞ்சலும் யு.பி.ஐ.யும் போல ஒன்றோடொன்று இணையவேண்டும் என்றார். கருத்து பாராட்டத்தக்கது, உவமைகள் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. யு.பி.ஐ.யில் எந்த வங்கியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் செல்வது வங்கிகளின் பெருந்தன்மையால் அன்று, விதியால். மின்னஞ்சலிலோ எவரும் நிலையம் வைக்கலாமெனினும், சிறு நிலையத்திலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்களின் வடிகட்டி குப்பையில் தள்ளிவிடுவது உண்டு. மேலும் அரட்டையும் ஒரு நிறுவனத்தின் உடைமையே. சொந்தக்காரர் வீடாயினும் வாடகை வீடு வாடகை வீடே.

தோட்டங்களை விட்டுச் சிதறிய குடும்பங்களுக்குக் கோயில் திருவிழாவும் இறப்புச் செய்தியும் வாட்ஸ்அப் குழுவழியே வருங்காலம் இது. அதை விட்டு விலகுபவர் ஊரையே விட்டவராவார். ஆகவே அவரைப் பார்த்து, பெரிய நிறுவனத்தை ஒதுக்கு என்று அறிவுரை கூறுவதில் பொருளில்லை. விலகிய பின்னும் ஊரோடு பேசும் வழியே அவர்க்கு வேண்டுவது.

ஐரோப்பிய ஒன்றியம் அவ்வழியைச் சட்டத்தால் திறந்துள்ளது. சிறிய சேவை கேட்டால் வாட்ஸ்அப் இணைப்புத் தரவேண்டும் என்னும் கடமை 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பேர்டிசாட், ஹைக்கூ என்னும் இரண்டு சிறு செயலிகள் முதலில் இணையும் என 2025 நவம்பரில் மெட்டா அறிவித்தது. வாட்ஸ்அப் பயனர் தாமே விரும்பி ஏற்றால்தான் அவ்விணைப்பு அவருக்குக் கிட்டும். மலேசியாவிலும் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட பயனரைக் கொண்ட தளங்கள் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஏற்பாடு இணையப் பாதுகாப்பை நோக்கியது. சிறிய சேவைக்குக் கதவு திறக்கவேண்டும் என்று அது பெரிய தளங்களைக் கேட்கவில்லை.