எண்கள் எங்கிருந்து வந்தன?

தரவு அறிவியல் என்ற பெயரில் ஊருக்கு ஊர் பட்டப்படிப்புகள் தொடங்கப்படுகின்றன. கூடவே ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது: அடித்தளம் பள்ளியிலேயே போட்டாகிவிட்டது, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் இருக்கின்றனவே, வேறென்ன வேண்டும்? இந்தச் சமாதானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பாடத்தில் நல்லது இல்லாமல் இல்லை. சராசரி ஒன்றாக இருக்கும் இரண்டு வகுப்புகள் முற்றிலும் வேறு வகுப்புகளாக இருக்கலாம் என்பதைப் பதினைந்து வயதில் தெரிந்துகொள்வது பெரிய விஷயம். விலக்கங்களைக் கையால் வர்க்கப்படுத்திக் கூட்டிய மாணவருக்குச் சூத்திரம் வெறும் குறியீடாக நிற்பதில்லை. இதையெல்லாம் மறுக்கவில்லை.

குறை அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கணக்கும் எண்களைக் கையில் கொடுத்துவிட்டே தொடங்குகிறது. அவற்றை அளந்தது யார், எப்படி அளந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்று கேட்க இடமே இல்லை. திட்ட விலக்கத்துக்கு நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று நான்கு வழிகள். நான்கிலும் வருவது ஒரே விடை. கடைசி இரண்டும் கணிப்பான் இல்லாத காலத்தில் பெருக்கல் வேலையைக் குறைக்க வந்தவை. அவற்றுக்குச் செலவிடும் பாடவேளைகளில் ஒன்றுகூட எண்களின் பிறப்பிடத்துக்குக் கிடைப்பதில்லை.

இதன் விளைவு சூத்திரத்துக்குள்ளேயே தெரிகிறது. விலக்க வர்க்கங்களின் கூடுதலை எண்ணிக்கையால் வகுக்கச் சொல்கிறது புத்தகம். கையிலுள்ள எண்களே முழுமைத்தொகுதி என்றால் அது சரி. பெரிய தொகுதியிலிருந்து எடுத்த கூறு என்றால் பரவல் சற்றே குறைவாகக் காட்டும். அதற்காகத்தான் புள்ளியியலார் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கிறார்கள். பத்து பேரின் மதிப்பெண்ணைக் கொடுக்கும் கணக்கு, அந்தப் பத்து பேர்தான் வகுப்பா, வகுப்பிலிருந்து பொறுக்கிய பத்து பேரா என்று சொல்வதில்லை. மாணவரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. கேட்க வேண்டியது என்பதே அவருக்குத் தெரியாது.

இந்தியப் புள்ளியியலின் வரலாறோ முழுக்க இந்தக் கேள்வியின் வரலாறு. வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கூறெடுத்து மதிப்பிட முயன்ற புள்ளியியலார் மகலனோபிஸ், வயலில் சிறு துண்டுகளை வெட்டி எடைபோடும் முறையைக் கையாண்டார். இன்னொரு புள்ளியியலாரான சுகாத்மே அதை எதிர்த்தார்: துண்டு சிறியதானால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும். காரணம் எளிது. எல்லைக்கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கத்தான் கை போகும். ஒரு மீட்டர் சதுரத்துக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுற்றி 4 மீட்டர் எல்லை. ஐந்து மீட்டர் சதுரத்தில் சதுர மீட்டருக்கு 0.8 மீட்டர்தான். எல்லை மிகுந்தால் பிழையும் மிகும்.

இந்தப் பிழை ஒரே பக்கமாகச் சாய்வது. நூறு துண்டு வெட்டினாலும் ஆயிரம் துண்டு வெட்டினாலும் போகாது. நான்கு முறைகளில் எதைப் போட்டாலும் திட்ட விலக்கத்தில் தெரியாது. எல்லாத் துண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் பரவல் அப்படியே இருக்கும், சராசரி மட்டும் பொய்யாகும். வயலுக்குப் போனவர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய தவறு அது.

இப்படித் துண்டு வெட்டி எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், பரவலான விளைச்சல் இழப்புக்கான இழப்பீடு அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே முடிவாகிறது. எந்த வயல்களில் அறுத்தார்கள், துண்டை எங்கே அளந்தார்கள் என்பதில் ஒரு கிராமத்தின் பணம் அடங்கியிருக்கிறது. டெல்டாவில் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கலாம். எந்த வயலில் அறுத்தார்கள் என்று தன் அப்பா கேட்பது புள்ளியியல் கேள்வி என்று அவளுக்குப் பாடப்புத்தகம் சொல்லவில்லை.

கூறெடுப்பு பன்னிரண்டாம் வகுப்பில் வருகிறதே என்பார்கள். வருகிறது, வணிகக் கணிதப் புத்தகத்தில். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிற பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைத் தொடுவதில்லை. கீழ் வகுப்புகளில் முதல்நிலைத் தரவு, இரண்டாம் நிலைத் தரவு என்ற பிரிவும் வருகிறது. வரையறையாக வந்து வரையறையாகவே போகிறது. பிறகு இந்தப் பிள்ளைகளே பெரிய தரவுத் தொகுப்பைக் கணினியில் ஏற்றி, பெரிதாக இருப்பதாலேயே அதை நம்புகிறார்கள். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழின் கருத்துக்கணிப்புக்கு வந்த பதில்கள் 20 லட்சத்துக்கு மேல். அது வெல்வார் என்று சொன்ன லாண்டன் 48 மாநிலங்களில் இரண்டைத்தான் வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெருமளவு முகவரி எடுத்ததும், விரும்பியவர்கள் மட்டும் பதில் போட்டதும் அந்த எண்ணிக்கைக்குள் ஒளிந்திருந்தன.

எண்களின் பிறப்பிடத்தைப் பற்றிய விடைகளைப் பொதுத்தேர்வில் எப்படித் திருத்துவது என்ற கேள்விதான் எப்போதும் தடையாக நிறுத்தப்படுகிறது. ஒரே விடை உள்ளதை மட்டுமே கற்பிப்போம் என்று முடிவெடுத்தவர்கள் கேட்கும் கேள்வி அது. இருபது வயல்களின் விளைச்சலைக் கொடுத்து, இவை சாலையோர வயல்கள், இந்தச் சராசரியை ஊர் முழுவதற்கும் சொல்லலாமா, காரணம் தருக என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம். சமூக அறிவியல் ஆசிரியர்கள் காரணத்தைப் படித்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். கணக்கு ஆசிரியர்களாலும் முடியும். படி விலக்க முறையை எடுத்துவிட்டால் அதற்கு நேரமும் கிடைக்கும்.