நான்கில் இனிப்பான ஒன்று

எங்கள் தெருமுனை அழகு நிலையத்தின் விலைப்பட்டியலில், ஃபேஷியலுக்கும் பெடிக்யூருக்கும் நடுவே ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது: லிம்ஃபாட்டிக் டிரெய்னேஜ், அதாவது நிணநீர் வடிப்பு. ஒரு மணி நேரம் அதைச் செய்துகொண்டு வந்த தோழி, “உடம்புல தேங்கிக் கிடந்த கழிவெல்லாம் எறங்கிடுச்சு” என்றாள். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, இந்தப் பேச்சில் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடத்துக்கு அவளும் வந்தாள். “சரி, பலனே இல்லைன்னு வச்சுக்கோ. கெடுதல் என்ன?”

அவளுக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். தோலை மெல்ல வருடினால் சுகமாக இருக்கும், தூக்கம் வரும். அதற்காகப் பணம் கொடுப்பதில் தப்பில்லை. இந்த வருடல் முறை போலியும் அல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் தம்பதி 1930களில் பிரான்சின் தென்கடற்கரையில் இருந்தபோது உருவாக்கியது. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்கியவர்களுக்கு, இறுக்கக் கட்டுடன் சேர்த்து இதைச் செய்தால் வீக்கம் இன்னும் கொஞ்சம் குறையலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வு சொல்கிறது. ‘கட்டுடன் சேர்த்து’ என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் திரும்பி வரப்போகிறேன்.

‘கழிவு’ என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். இரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது நீரும் சிறிது புரதமும் திசுக்களுக்குள் கசிகின்றன. கசிந்ததில் மீந்து நிற்பதைத் திரட்டி, வழியில் நிணக்கணுக்களில் சோதனை போட்டு, கழுத்தெலும்புக்குக் கீழே பெரிய சிரைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிணநீர் மண்டலம். பாடநூல் கணக்குப்படி ஒரு நாளைக்குச் சுமார் மூன்று லிட்டர். சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதியும் இந்த வழியாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது. 1622-இல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, அப்போதுதான் தின்றிருந்த நாயின் வயிற்றைத் திறந்தபோது பால்போல் வெண்மையாகக் கண்ட குழாய்கள் இவையே. ஆகவே இதைச் சாக்கடையோடு ஒப்பிடுவது தவறு. காவிரிப் படுகைக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: மேல்வயலில் வடியும் நீர் கீழூருக்குப் பாசனம். அதுதான் நிணநீர். கழிவைப் பிரிக்கும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. அவற்றை வருட யாரும் கட்டணம் கேட்பதில்லை.

‘இரத்தத்துக்கு இதயம் என்ற பம்பு இருக்கிறது, நிணநீருக்கு இல்லை, ஆகவே நாம்தான் தள்ளிவிட வேண்டும்’ என்ற விளம்பர வாதத்தில் பாதி உண்மை. இதயம் போல ஒற்றைப் பம்பு இல்லை. ஆனால் பெரிய நிணக்குழாய்களின் சுவரில் தசை இருக்கிறது, தானாகவே சுருங்கி விரிகிறது. திரும்பிப் பாயாதபடி வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசையும், மூச்சிழுக்கும்போது நெஞ்சின் அழுத்த மாற்றமும் துணை செய்கின்றன. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகிற ஆரோக்கியமான ஆளுக்கு அந்த நடையே போதும். காலையில் உப்பியிருக்கும் முகம் கல் உருளையால் உருட்டினால் வடிகிறது என்பார்கள். படுத்திருந்தவர் எழுந்து நின்றால் அது தானாகவும் வடியும்.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். என் நெடுநாள் கோபம் வேறு.

நிணக்குழாய் உண்மையிலேயே பழுதானவர்களுக்கான சிகிச்சைக்கு நான்கு கால்கள்: தோல் பராமரிப்பு, இறுக்கக் கட்டு, உடற்பயிற்சி, வருடல். வோடருக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1892-இல், ஆஸ்திரிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் சுத்தம், கட்டு, அசைவு, மசாஜ் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துத்தான் எழுதினார். இந்த நான்கில் இனிப்பானது ஒன்றுதான். மற்ற மூன்றும் அலுப்பு. நம் ஊர் வெயிலில் அடுக்கடுக்காகச் சுற்றிய கட்டோடு நாள் முழுக்க இருக்க வேண்டும். இறுக்கமான காலுறை சில மாதங்களில் தளர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். இதற்கு முடிவு தேதி கிடையாது, ஆயுள் முழுக்க. அழகுத் தொழில் என்ன செய்தது? நான்கிலிருந்து அந்த ஒன்றை மட்டும் உருவி, நோயே இல்லாதவர்களுக்கு விற்றது. கட்டில்லாத வருடலால் தள்ளப்பட்ட நீர், வந்த வழியே திரும்பி வந்துவிடும். வீங்கிய கால் உள்ளவருக்கு அது தெரியும். வீக்கமே இல்லாதவருக்குத் தெரிய வழியில்லை. நோயில்லாதவரிடம் மருந்து தோற்கவே தோற்காது. இந்த வியாபாரத்தின் சாமர்த்தியமே அதுதான்.

உருவப்பட்டதில் எது தொலைந்தது என்று தெரிய யானைக்கால் நோயைப் பார்க்க வேண்டும். கும்பகோணத்துக்காரர்கள் இந்த நோயின் பேரால் கேட்ட கேலி கொஞ்சமல்ல. கொசுவால் பரவும் புழு நிணக்குழாய்க்குள் குடியிருந்து அதைக் கெடுக்கிறது என்பது பழைய செய்தி. கால் ஆண்டுக்காண்டு பெருப்பது புழுவால் மட்டுமல்ல என்பது 1990களில்தான் அழுத்தமாக உறைத்தது. பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா டிரேயரும், இங்கே ஆலப்புழையில் இருந்த மருத்துவர்களும் கவனித்தது மிக எளிய சங்கதி. நிணநீர் ஓட்டம் கெட்ட காலில், விரலிடுக்கில் சேற்றுப்புண் வருகிறது. அந்த வெடிப்பு வழியாகப் பாக்டீரியா நுழைகிறது. குளிரும் காய்ச்சலுமாகக் கால் சிவந்து கொதிக்கிறது. ஒவ்வொரு காய்ச்சலும் கொஞ்சம் குழாயைத் தின்றுவிட்டுப் போகிறது, கால் இன்னொரு சுற்றுப் பெருக்கிறது. இந்தச் சங்கிலியை அறுப்பது எது? சோப்பும் தண்ணீரும். தினமும் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் ஒற்றித் துடைத்து, தேவையானால் பூஞ்சைக் களிம்பு பூசி, உட்காரும்போது காலை உயர்த்தி வைப்பது. அரசு இந்த நோயாளிகளுக்குக் கொடுக்கும் பையைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் டப், மக், சோப்பு, துண்டு, களிம்பு. ஒரு கலைச்சொல்கூட அதில் இல்லை.

இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016-இல் உறுதி செய்தது. இந்தியா 2027 என்று இலக்கு வைத்திருக்கிறது. இதற்காகக் கொடுக்கும் மாத்திரை பரவலைத் தடுக்கும். ஏற்கெனவே பெருத்துவிட்ட காலைச் சுருக்காது. இலக்கு எட்டப்பட்ட பிறகும் அந்தக் கால்களைத் தினமும் கழுவித்தான் ஆக வேண்டும். ‘நிணநீர் ஆரோக்கியம்’ என்று கைப்பேசியில் தேடினால் இதில் எவ்வளவு கண்ணில் படும்? உடம்பை உலர்ந்த பிரஷால் தேய்க்கும் ஒரு பெண் வருவாள். அவள் கால் மெலிந்து பளபளவென்று இருக்கும்.

மார்பகப் புற்றுநோய்க்காரர்களின் கதையும் இதே திசையில்தான் போகிறது. அக்குள் நிணக்கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. ‘அந்தக் கையால் குடம் தூக்காதே’ என்று வெகுகாலம் மிரட்டி வைத்திருந்தோம். கை வீங்கிய பெண்களுக்கு, எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, நோய் முற்றும் தருணங்கள் குறைந்தன. சிகிச்சை முடித்த பெண்ணுக்குத் தேவை இந்தச் செய்தியும், அளவெடுத்துத் தைத்த, கைக்கான இறுக்க உறையும். அழகு நிலையத்துப் பட்டியலில் அவளுக்குக் கிடைப்பது வாசனை எண்ணெய்.

இனி ‘கெடுதல் என்ன’ என்ற கேள்வி. கழுத்தில் நெறி கட்டினால் நம் வீடுகளில் முதலில் தேய்த்துவிடத்தான் தோன்றும். ‘டிரெய்னேஜ்’ என்ற பேர் அந்தப் பழக்கத்துக்கு விஞ்ஞானச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. வாரக்கணக்கில் கரையாத கட்டி இந்த நாட்டில் காசநோயாக இருக்கலாம். கண்டமாலை என்று நம் முன்னோர் பேர் வைக்கும் அளவுக்குப் பழகிய நோய் அது. நிணக்கணுப் புற்றாகவும் இருக்கலாம். வருடிக் கழித்த வாரங்கள் அங்கே வீணான வாரங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கினால் உள்ளே சிரையில் இரத்தம் கட்டியிருக்கக்கூடும், அதைப் பிசைவது ஆபத்து. இரண்டு காலும் வீங்கினால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் விசாரிக்க வேண்டும். விலைப்பட்டியலில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை. அங்கே எல்லா வீக்கமும் கழிவு.

பாட்டி எண்ணெய் தேய்த்துவிட்டதும் இதுதானே என்று ஒரு தமிழ்ப்பெருமை வாதமும் உலவுகிறது. பாட்டி தேய்த்தது எண்ணெய். பேரனின் நிணநீரைத் திருப்பிவிட்டதாக அவள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

நான் கொஞ்சம் அதிகப்படியாகவே பேசுகிறேன் என்று தோழி நினைப்பாள். ஒரு மணி நேரச் சுகத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்பாள். சுகத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. அந்த மேசையில் ஒரு மணி நேரம் முழுக்க, பயிற்சி பெற்ற இரண்டு கைகள் அவள் காலுக்கென்றே வேலை செய்தன. பெருத்த காலோடு வாழ்கிற ஒருவருக்கு, வயதும் ஏறி, காலும் கனத்துப்போனால், குனிந்து தன் விரலிடுக்கைத் தொட முடிவதில்லை. டப்பும் துண்டும் வீட்டில் இருக்கின்றன. அந்தக் காலைத் தொடுவதற்குத்தான் ஆள் இல்லை.